உருக்குத் தகட்டில் ஒளிந்திருக்கும் பிளவு

1980 மார்ச் 27ந் தேதி, வியாழக்கிழமை மாலை. வட கடலில் நார்வே நாட்டுப் பகுதியைச் சேர்ந்த எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல். எண்ணெய் எடுக்கும் தொழிலாளர்கள் தங்குவதற்காக அங்கே ஒரு மிதக்கும் மேடை நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பெயர் அலெக்ஸாண்டர் கீலன்ட். ஐந்து பெரும் தூண்கள்; அவற்றைப் பிணைக்கும் குழாய் வடிவமான உருக்குத் தாங்கிகள்; மேலே படுக்கை அறைகள், சாப்பாட்டுக் கூடம், சினிமா அறை. வேலை முடிந்து வந்தவர்களில் பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலர் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பலத்த காற்று வீசியது. வட கடலில் அது புதுமையல்ல.

சுமார் ஆறரை மணிக்கு ஒரு தாங்கி முறிந்தது. அதே தூணைப் பிடித்திருந்த மற்ற ஐந்து தாங்கிகளும் சுமை தாளாமல் அடுத்தடுத்து முறிந்தன. தூண் கழன்று போயிற்று. மேடை சாய்ந்தது. ஏறக்குறைய 20 நிமிடங்களில் அது தலைகீழாகக் கவிழ்ந்தது. மேடையில் இருந்தவர்கள் 212 பேர். தப்பியவர்கள் 89 பேர். மாண்டவர்கள் 123 பேர்.

கடலின் சீற்றம் என்று சொல்லி இதை மூடிவிட முடியவில்லை. அந்தக் கடலுக்காகக் கட்டப்பட்ட மேடை அது. நார்வே சர்க்கார் அமைத்த விசாரணைக் கமிஷன் முறிந்த உருக்கை எடுத்து ஆராய்ந்து, 1981ல் தன் அறிக்கையைத் தந்தது. முதலில் முறிந்த தாங்கி 2.6 மீட்டர் விட்டமும் 26 மில்லிமீட்டர் கனமும் கொண்டது. அதில் ஒரு துவாரம் வெட்டி, கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக ஒரு சிறு குழாய்த் துண்டை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த வெல்டிங் ஒழுங்காக அமையவில்லை. அது மட்டுமல்ல, குழாய்த் துண்டு செய்யப்பட்ட தகடே கனத்தின் வாக்கில் பலவீனமானது. வெல்டிங் சூடு ஆறிச் சுருங்கியபோது அந்தத் தகடு உள்ளுக்குள்ளேயே அடுக்கடுக்காகக் கிழிந்திருந்தது. அங்கிருந்து அலையின் ஒவ்வொரு அடியிலும் பிளவு சிறிது சிறிதாக வளர்ந்து, பெரிய தாங்கியைச் சுற்றிப் படர்ந்தது.

இன்னொன்றையும் கமிஷன் கண்டது. அந்தப் பிளவின் உள்ளே பெயிண்ட் இருந்தது! பெயிண்ட் எங்கே அடிக்கப்பட்டது? மேடையைக் கட்டிய பிரான்ஸ் நாட்டு டன்கர்க் தளத்தில். அதாவது, 1976ல் மேடை கட்டிமுடித்து ஒப்படைக்கப்படும் முன்பே பிளவு அங்கே இருந்தது. பிளவின் மேலேயே வர்ணம் பூசி, நற்சான்று தந்து, கடலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சிறு குழாயை யாரும் மேடையின் பலத்தைத் தாங்கும் உறுப்பாகக் கருதவில்லை. அது ஒரு கருவிக்கான பிடி, அவ்வளவுதான். ஆகவே அதற்கான தகட்டைப் பற்றியும் அதன் வெல்டிங்கைப் பற்றியும் யாரும் அதிகம் கவலைப்படவில்லை. கருவிப்பிடியின் பிளவு தாங்கியை முறித்தது. தாங்கி தூணை இழந்தது. தூண் போனதும் 123 உயிர்கள் போயின.

நார்வேயில் இந்தக் கணக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. விபத்து நடந்து 41 வருஷங்களுக்குப் பின், 2021ல், அந்நாட்டுத் தணிக்கைத் துறை இந்த விவகாரத்தில் சர்க்கார் அதிகாரிகள் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்து கண்டித்தது. தப்பியவர்களையும் மாண்டவர்களின் குடும்பங்களையும் கவனித்தது போதாது என்றும் சொன்னது.

உருக்குத் தகட்டைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்களும், அந்தத் தகட்டின் மேலே நின்றோ அருகில் நின்றோ பிழைக்கிறவர்களும் நம் நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தை நிபுணர்களுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நாம் கருதுகிறோம். தகட்டின் உள்ளே குறை எப்படி உண்டாகிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டபின் என்ன செய்வது? கண்டும் காணாததுபோல் விடுகிறவர்களை எப்படித் தடுப்பது? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறை எங்கே பிறக்கிறது?

தகடு வழவழப்பாக இருக்கிறது. விளிம்பு நேராக இருக்கிறது. அளவு சரியாக இருக்கிறது. ஆனால் குறை பிறப்பது அதற்கு வெகு முன்பே, உருக்கு திரவமாக இருக்கும்போது. உருகிய உருக்கில் கந்தகம் இருக்கிறது, மாங்கனீஸ் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து சிறு துகள்களாகின்றன. ஆக்ஸிஜனை அகற்ற அலுமினியம் போடுகிறார்கள். அது வெண்மையான கடினத் துகளாக மிஞ்சுகிறது. கசடு கலந்துவிடுகிறது. உலையின் செங்கல் துணுக்கும் சில சமயம் கலந்துவிடுகிறது. உருக்கு உறையும்போது வெளிப்புறம் முதலில் இறுகி, நடுப்பகுதி கடைசியில் இறுகுகிறது. அசுத்தம் எல்லாம் நடுவே ஒதுங்குகிறது. சுருக்கத்தால் நடுவில் வெற்றிடமும் உண்டாகிறது.

பிறகு அந்தக் கட்டியைச் சிவக்கக் காய்ச்சி உருளைகளுக்கு இடையே செலுத்துகிறார்கள். சப்பாத்தி மாவில் ஒரு கல் கிடந்தால் மாவு விரியும்போது கல் கல்லாகவே இருக்கும். ஆனால் மாங்கனீஸ் சல்பைடு துகள் கல்லைப்போல் அல்ல. அந்தச் சூட்டில் அதுவும் சேர்ந்து நசுங்கி மெல்லிய இலையாக நீள்கிறது. வெற்றிடத்தின் உட்புறம் சுத்தமாக இருந்தால் உருளையின் அழுத்தத்தில் அது ஒட்டி மறைந்துவிடும். உள்ளே துருவோ கசடோ இருந்தால் ஒட்டாது. தகட்டின் நடுவே அகன்ற தட்டையான பிளவாக நின்றுவிடும். இதைத்தான் பட்டறைத் தொழிலாளர்கள் லாமினேஷன் என்று சொல்லுகிறார்கள். ஒரே தகடு என்று நாம் நினைப்பது, அந்த இடத்தில், ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு தகடுகள்!

ஹைட்ரஜன் மூன்றாவது பகைவன். ஈரமான பழைய இரும்பிலிருந்தும், ஈரம் குடித்த சுண்ணாம்பிலிருந்தும் அது உருக்கில் புகுந்துவிடுகிறது. பத்து லட்சம் பங்கு உருக்கில் சில பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே ஆபத்து. கனமான உருக்கு அவசரமாகக் குளிர்ந்தால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கி, மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். பெல்ஜியத்தில் டோல் அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலையை 2012ல் சோதித்தபோது, அதன் அழுத்தக் கலத்தின் கனத்த உருக்கு வளையங்களில் இத்தகைய வெடிப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பது தெரிந்தது. அவை அந்த வளையங்கள் வார்த்து அடிக்கப்பட்ட காலத்திலேயே உண்டானவை. அந்த உலை மின்சாரம் தரத் தொடங்கியதோ 1982ல். முப்பது வருஷம் அவை உள்ளே இருந்தன. வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை.

இவை எல்லாம் விதியின் விளையாட்டல்ல. கந்தகத்தைக் குறைக்கலாம். கால்சியம் ஊட்டித் துகள்கள் இலையாக நசுங்காமல் உருண்டையாகவே இருக்கும்படி செய்யலாம். உருகிய உருக்கை வெற்றிட அறையில் வைத்து ஹைட்ரஜனை உறிஞ்சி எடுக்கலாம். கனத்த தகடுகளை அடுக்கி மூடி மெதுவாகக் குளிரவிடலாம். வழிகள் தெரிந்தவையே. ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும், செலவு ஆகும். பிரச்னை அங்கேதான் இருக்கிறது.

எல்லாப் பிளவும் ஒன்றல்ல

ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். தகட்டின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறையும் உயிருக்கு உலை வைப்பதல்ல. தகட்டை அதன் நீளவாக்கில் இழுக்கும்போது, நீளவாக்கிலேயே படுத்திருக்கும் லாமினேஷன் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆபத்து எப்போது? தகட்டின் முகத்தில் இன்னொரு தகட்டை நிறுத்தி வெல்டிங் செய்து, அதைப் பிடித்து இழுக்கும்போது. அப்போது இழுப்பு தகட்டின் கனத்தின் வாக்கில் செல்கிறது. விறகை நார் வாக்கில் பிளப்பது எளிது. குறுக்கே வெட்டுவது கடினம். உருக்கும் ஓரளவு அப்படித்தான். நசுங்கி இலையாகிப்போன துகள்கள்தான் அதன் நார். அவற்றுக்குக் குறுக்கே இழுத்தால், படிக்கட்டுப்போலக் கிழிந்துகொண்டு போகும். கீலன்ட் மேடையின் கருவிப்பிடியில் நடந்தது இதுதான்.

ஆகவே எந்தத் தகடு எந்த வேலைக்கு, எந்தத் திசையில் இழுப்பு வரும் என்பதை வரைபடம் போடும்போதே தீர்மானிக்க வேண்டும். சில குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்வது விஞ்ஞானத்தின் வேலை. கப்பல் நாளைப் புறப்பட வேண்டும், பில் இந்த மாதம் பாஸாக வேண்டும் என்பதற்காகப் பொறுத்துக்கொள்வது விஞ்ஞானமல்ல.

தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது

சந்தையில் பானை வாங்கும் பெண் அதைத் தட்டிப் பார்த்து வாங்குகிறாள். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது சொத்தென்று ஒலிக்கும். ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிக்கொண்டு போகும் தொழிலாளியும் இதே வித்தையைத்தான் செய்தார். இன்று உலகெங்கும் தகடுகளைச் சோதிக்கப் பயன்படும் அல்ட்ராசானிக் முறையும் அதே பரம்பரையில் வந்ததுதான். காதுக்கு எட்டாத ஒலியால் தட்டுகிறது. காதுக்குப் பதில் கருவி கேட்கிறது.

உலோகத்துக்குள் ஒலியைச் செலுத்திக் குறையைக் காணலாம் என்று 1928ல் சொன்னவர் லெனின்கிராடைச் சேர்ந்த சோவியத் விஞ்ஞானி செர்கேய் சொகொலோவ். ஒலியின் எதிரொலியைப் பிடித்துக் காட்டும் கருவியை 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ளாய்ட் ஃபயர்ஸ்டோனும், பிரிட்டனில் டொனால்ட் ஸ்ப்ரவுலும் தனித்தனியே உருவாக்கினார்கள்.

முறை எளியது. தகட்டின்மேல் எண்ணெயோ தண்ணீரோ பசையோ தடவி, ஒரு சிறு முனையை வைக்கிறார்கள். தடவுவது எதற்கு? நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. முனையிலிருந்து, விநாடிக்கு இருபது லட்சம் முதல் ஐம்பது லட்சம் தடவை வரை அதிரும் ஒலி புறப்படுகிறது. உருக்கில் அது விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடுகிறது. 25 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல தகட்டில் அடிமுகம் வரை போய்த் திரும்பிவர, விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், எட்டரைக் கூறு போதும். திரையில் அந்த எதிரொலி ஒரு கோடாக எழும்பும். நடுவில் பிளவு இருந்தால் ஒலி அதைத் தாண்டாது. பாதி நேரத்திலேயே திரும்பிவிடும். அடிமுகத்தின் எதிரொலி தாழ்ந்துபோகும், அல்லது அடியோடு மறைந்துபோகும். முனையை நகர்த்தி நகர்த்திப் பிளவின் எல்லையைச் சாக்பீஸால் தகட்டின்மேலேயே வரைந்துவிடலாம்.

எக்ஸ்ரே படம் பிடித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. எக்ஸ்ரே தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலிருந்து கீழே செல்கிறது. லாமினேஷனோ தட்டையாகப் படுத்திருக்கிறது. அதன் உயரம் மயிரிழை. வழியில் குறைந்துபோன உருக்கு ஒன்றுமில்லை என்பதால் படத்தில் நிழல் விழாது. எக்ஸ்ரே படம் சுத்தமாக இருக்கிறது என்று காட்டித் தகட்டுக்கு நற்சான்று கேட்பவர் தாமும் ஏமாந்தவராக இருக்கலாம். அல்லது பிறரை ஏமாற்ற வந்தவராக இருக்கலாம்.

அல்ட்ராசானிக் ஒன்றே எல்லாவற்றையும் காட்டிவிடும் என்பதும் தவறு. நேராகச் செலுத்தும் ஒலி படுத்திருக்கும் பிளவைக் காணும். நின்றிருக்கும் வெடிப்பைத் தவறவிடலாம். அதற்குச் சாய்வாக ஒலி செலுத்தும் முனை வேண்டும். எங்கும் பரவிக் கிடக்கும் நுண்ணிய துகள்களும் தப்பிவிடலாம். அவையே பின்னால் வெல்டிங் இழுப்பில் சேர்ந்து கிழிசலாகலாம். அதனால்தான், கனத்தின் வாக்கில் இழுப்பு வரும் இடங்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தகட்டின் கனத்தின் வாக்கிலேயே ஒரு துண்டு வெட்டி, அறுந்துபோகும் வரை இழுத்து, அறுமுன் அதன் குறுக்களவு எவ்வளவு சுருங்கியது என்று பார்க்கிறார்கள். நல்ல உருக்கு மிட்டாய்ப்பாகு போல் மெலிந்து பிறகுதான் அறும். மோசமான உருக்கு மெலியாமலே பட்டென்று அறும். நூற்றுக்கு 15, 25, 35 என்று மூன்று தரங்கள் வகுத்திருக்கிறார்கள். தகட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இந்தத் தரத்தை எழுதிக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு ஆலை தானாகக் கொடுத்துவிடாது.

கண்டபின் என்ன செய்வது?

தகட்டின் நடு வயிற்றில் பெரிய லாமினேஷன் கிடந்தால், அதற்கு மருந்து இல்லை. அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும்; அல்லது பளு இல்லாத வேலைக்கு ஒதுக்க வேண்டும். மேலே ஒரு பட்டி வைத்து வெல்டிங் செய்து மூடிவிடுவது வைத்தியமல்ல. புண்ணை மூடிப் பட்டுத்துணி போர்த்துவதுதான்.

வெட்டிய விளிம்பில் தெரியும் பிளவை, ஆழம் பார்த்துச் சரிசெய்ய முடியும். உலகமெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் விதி இதற்குத் தெளிவான கணக்குச் சொல்லுகிறது. நீளம் 25 மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தால் விட்டுவிடலாம். அதைவிட நீளமானால் ஆழத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். 3க்கு மேல் 6 வரை இருந்தால் கிரைண்டிங் செய்து அகற்ற வேண்டும். 6க்கு மேல் 25 வரை இருந்தால் முழுவதும் தோண்டி எடுத்து வெல்டிங்கால் நிரப்ப வேண்டும். இப்படி நிரப்பும் மொத்த நீளம் அந்த விளிம்பின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 25 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போனால், அல்ட்ராசானிக் கருவியால் அதன் பரப்பை அளந்த பிறகே எதையும் தீர்மானிக்க வேண்டும்.

நிரப்பும் வெல்டிங்கும் சாமானிய வேலையல்ல. கனமான தகட்டை முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். ஹைட்ரஜன் குறைந்த எலெக்ட்ரோடை அடுப்பில் காயவைத்துச் சூடாகவே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிளவை மூடப்போய் இன்னொரு பிளவை விதைத்தவர்களாவோம். ஹைட்ரஜன் வெடிப்பு உடனே தலைகாட்டாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரும். ஆகவேதான் சிலவகை உருக்குகளில் வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் கழித்தே சோதிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மாலையில் வெல்டிங், இரவில் சோதனை, காலையில் லாரி என்று ஓட்டுகிற இடத்தில் அந்த விதி என்ன ஆகும்?

கையெழுத்து போடும் கை

இதுவரை சொன்ன எதுவும் ரகசியமல்ல. கருவி இருக்கிறது, விதி இருக்கிறது, தகட்டைச் சோதிப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய விதிகளும் இருக்கின்றன. பிறகு ஏன் பிளவின்மேல் வர்ணம் பூசப்படுகிறது?

ஏனென்றால், சோதிப்பவர் "கூடாது" என்று சொன்னால் நஷ்டம் யாருக்கோ, அவர்தான் பல இடங்களில் சோதிப்பவருக்குச் சம்பளமோ கட்டணமோ கொடுக்கிறார். தகட்டைத் தள்ளிவிட்டால் உற்பத்தி நிற்கும், கெடு தவறும், அபராதம் வரும். ஏற்றுக்கொண்டால் அன்று ஒன்றும் ஆகாது. பிளவு வளரப் பல வருஷம் ஆகும். அது முறியும்போது கையெழுத்துப் போட்டவர் வேறு ஊரில் இருப்பார். மேடையில் தூங்கிக்கொண்டிருப்பவர் வேறு யாரோ ஒரு தொழிலாளி.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து டக்கோமா நகரில் உள்ள ஒரு வார்ப்பாலை, நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான உருக்கு வார்ப்புகளைச் செய்து வந்தது. அங்கே சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த உலோக நிபுணர் ஒருவர், தேறாத சோதனைகளைத் தேறியதாகப் பல வருஷங்கள் எழுதி வந்தார். சர்க்கார் வழக்கறிஞர்கள் 1985 முதல் 2017 வரை என்று கணக்கிட்டார்கள். அதை முதலில் கண்டுபிடித்தது கடற்படையின் அதிகாரிகளல்ல. சோதனைச்சாலையில் வேலை செய்த ஓர் ஊழியர்தான், சோதனை அட்டைகள் திருத்தப்பட்டிருப்பதை 2017ல் கண்டார். 2020ல் கம்பெனி சுமார் 1 கோடியே 9 லட்சம் டாலர் கட்டியது. 2022ல் அந்த நிபுணருக்கு இரண்டரை வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜப்பானின் பெரிய உலோகக் கம்பெனிகளில் ஒன்றான கோபே ஸ்டீல், அலுமினியம், தாமிரம் முதலிய பொருள்களின் தரக் கணக்கைத் திருத்தி எழுதியதாக 2017 அக்டோபரில் தானே ஒப்புக்கொண்டது. 2019ல் டோக்கியோ நீதிமன்றம் அதற்கு 10 கோடி யென் அபராதம் போட்டது.

இந்த இரண்டு விவகாரமும் தகட்டைப் பற்றியவை அல்ல. சோதனைத் தாளைப் பற்றியவை. உலோகத்தின் குறையை ஒலி கண்டுபிடிக்கும். தாளில் இருக்கும் குறையை எந்தக் கருவி கண்டுபிடிக்கும்? இன்னொரு மனிதரின் கண்தான் கண்டுபிடிக்கும். அந்தத் தாளை எத்தனை பேர் பார்க்க முடிகிறதோ, அவ்வளவு பத்திரம். ஒரே ஒருவர் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டால், முப்பது வருஷம்கூடப் பொய் நிலைக்கும்.

நம் நாட்டில்

நம் தொழிலாளிகளுக்கும் எஞ்சினீயர்களுக்கும் திறமை இல்லையா? அதைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. 1955ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் செய்து எழுப்பப்பட்ட பிலாய் ஆலையும், ரூர்கேலா, பொக்காரோ ஆலைகளும் சேர்ந்து, 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்குச் சுமார் 30,000 டன் தனித்தர உருக்கை வழங்கின. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் 1960களில் திருச்சியில் எழுந்த கொதிகலன் ஆலையில், பெரும் அழுத்தம் தாங்கும் கனத்த உருக்கை வளைத்து வெல்டிங் செய்வதில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். அந்த ஆலையைச் சார்ந்து எழுந்த பட்டறைகளிலும் வெல்டிங் கலை செழித்திருக்கிறது. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையமும் அங்கே இருக்கிறது.

திறமை இருக்கிறது. ஆனால் திறமைக்குச் சுதந்திரம் இருக்கிறதா? கொதிகலன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1923ஆம் வருஷத்துச் சட்டப்படி நெடுங்காலம் சர்க்கார் இன்ஸ்பெக்டரே சோதித்துச் சான்று தந்து வந்தார். 2007ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மற்ற ஸ்தாபனங்களும் சோதித்துச் சான்று தரலாம் என்று வழிசெய்தார்கள். இன்ஸ்பெக்டர்கள் போதாமல் வேலை தேங்குகிறது என்பது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் இன்ஸ்பெக்டர்களை அதிகமாக நியமித்திருக்கலாமே! சோதிக்கப்படுகிறவரே பணம் கொடுத்துச் சோதிப்பவரை அமர்த்தும் ஏற்பாட்டில், "கூடாது" என்று சொல்லும் வாய்க்கு என்ன பாதுகாப்பு?

காண்ட்ராக்டின் கீழ் நாள்கூலிக்கு வேலை செய்யும் வெல்டர் நிலையும் அதுவே. எலெக்ட்ரோடைக் காயவைக்க நேரம் வேண்டும் என்று அவர் கேட்டால், "நாளைக்கு வராதே" என்று பதில் வந்தால், அவர் என்ன செய்வார்? தகடு தோண்டும்போது இரண்டாகப் பிரிவதை முதலில் பார்ப்பது அவர் கண். அந்தக் கண்ணுக்கு வாய் இல்லாமல் செய்துவிட்டு, லட்ச ரூபாய்க் கருவி வாங்கி என்ன பயன்?

நாம் கோருவது

ஆகவே நாம் சில விஷயங்களை வலியுறுத்துகிறோம்.

தகட்டின் கனத்தின் வாக்கில் இழுப்பு வரும் ஒவ்வொரு இடத்திலும், வாங்கும் ஆர்டரிலேயே அல்ட்ராசானிக் தரமும் கனவாக்கு இழுப்புத் தரமும் எழுதப்பட வேண்டும். சிறு பிடி, சிறு கொக்கி என்று எதற்கும் விலக்குத் தரக் கூடாது. பெரிய உறுப்பில் வெல்டிங் செய்யப்படுகிற எதுவும் சிறியதல்ல.

சோதிப்பவரின் சம்பளமும் வேலையும் உற்பத்திப் பிரிவின் தயவில் இருக்கக் கூடாது. அவர் தள்ளிய தகட்டை ஏற்க வேண்டுமானால், ஏற்கிறவர் தம் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாய்மொழி உத்தரவு செல்லாது.

எந்தத் தகட்டில், எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் குறை இருந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது, மறுசோதனை எப்போது நடந்தது என்ற விவரம் எல்லாம் அந்தக் கலமோ மேடையோ பாலமோ உயிரோடிருக்கும் வரை காப்பாற்றப்பட வேண்டும்.

அந்தக் கணக்கைத் தொழிலாளர்களின் பாதுகாப்புக் கமிட்டி எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். 1984 போபாலுக்குப் பிறகு, 1987ல், தங்கள் ஆரோக்கியத்தையும் பாதுகாப்பையும் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதினார்கள். அந்த உரிமை விஷவாயுவோடு நின்றுவிடக் கூடாது. தலைக்குமேல் தொங்கும் உருக்கையும் அது எட்ட வேண்டும்.

செலவாகும் என்பார்கள். ஆகும். ஒரு தகட்டைத் தள்ளிவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று அன்றே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். தள்ளாமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு நார்வேயில் 123 குடும்பங்கள் கணக்குச் சொல்லும்.

தொழிலாளத் தோழர்களே! தகட்டைத் தோண்டும்போது அது இரண்டாகப் பிரிந்தால், கருவியின் திரையில் கோடு தவறான இடத்தில் எழும்பினால், மௌனமாக இருக்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், எழுதியதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள். தனி ஒருவர் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் தகடு போகும், மனிதர்கள் பிழைப்பார்கள்.